பன்னிரண்டாவது மரங்கொத்தி

ஞாயிற்றுக்கிழமை மதியம் சுட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள், சூப் வருவதற்குள்ளேயே சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். சண்டை மரங்கொத்தியைப் பற்றி. லிபோவ்னா ஊர்த் துப்பாக்கி சுடும் கழகத்தில் வேறு எதற்காகவும் யாரும் குரல் உயர்த்திச் சமையல்கார லிபூஷே பார்த்ததில்லை. பெண்டாட்டி விட்டுவிட்டுப் போனதைக்கூட இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு பீர் கேட்பார்கள். மரங்கொத்தி என்றால் மூன்று மணி நேரம் ஓடும்.

மரங்கொத்தி ஒரு கைத்துப்பாக்கி. ஊர்த் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் செய்தார்கள், தொண்ணூறில் நிறுத்தினார்கள். பிறகு தொழிற்சாலையும் போயிற்று. இப்போது அந்தக் கட்டடத்தில் கார் இருக்கைக்கு உறை தைக்கிறார்கள். துப்பாக்கி மட்டும் சாகவில்லை. பழையது ஒன்று விலைக்கு வருகிறது என்றால் ஆஸ்திரியாவிலிருந்து ஆள் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறான். இப்போது புதிய கம்பெனி ஒன்று, பழைய வரைபடங்களை வாங்கி, மரங்கொத்தியை மறுபடி செய்யப்போகிறதாம். கழகத்தில் பத்து நாளாக எவனுக்கும் தூக்கமில்லை.

"அசலுக்கு அசல் வரணும். வரைபடத்துல மயிரிழை மாறினாலும் நான் வாங்க மாட்டேன்," என்றார் டாக்டர் கோபெட்ஸ்கி. கழகத் தலைவர், பல் டாக்டர். ஊரில் பாதிப் பேர் வாய்க்குள் அவர் கை போய் வந்திருப்பதால், அவர் பேசினால் மற்றவர்கள் பேசாமலிருந்து பழகிவிட்டார்கள்.

ராடிம் மட்டும் பழகவில்லை. அவன் பஸ் ஓட்டுகிறவன், பல்லும் நல்ல பல். "சிக்குற துப்பாக்கியை அசலுக்கு அசல் பண்ணி என்ன டாக்டர் பிரயோஜனம்? என்னோடது நாலாவது தோட்டாவுல நின்னுக்கும். தட்டணும், கெஞ்சணும். என் பஸ்ஸே தேவலை."

"ஏம்ப்பா, உன்னோடது புள்ளி இல்லாதது. புள்ளிக்காரனைப் பார்த்து வாங்கியிருக்கணும். என்கிட்ட மூணு இருக்கு. இருபது வருஷத்துல ஒரு தடவை சிக்கினதில்ல."

"அப்ப புள்ளி வெச்சா ஓடும்கிறீங்க. நாளைக்கே ஒரு ஆணியை எடுத்து நானும் ஒரு புள்ளி குத்திக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். புள்ளி என்பது இதுதான்: துப்பாக்கியின் இடது பக்கக் கைப்பிடித் தகட்டைத் திருகு கழற்றி எடுத்தால், உள்ளே இரும்பில் ஊசி முனையளவு ஒரு குழி சிலவற்றில் இருக்கும். குழி உள்ளவை சிக்குவதில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஏற்றுமதிக்குப் பொறுக்கி எடுத்தவை என்பது டாக்டரின் கட்சி. உளவுத்துறைக்குத் தனியாகச் செய்தவை என்று இன்னொரு கட்சி. அந்த இரும்பே ஸ்வீடனிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர் போன வருடம் செத்துப்போனார்.

லிபூஷே சூப் தட்டுகளை வைத்துக்கொண்டே வந்தாள். பதினொரு வருடமாக இந்தச் சமையலறை அவள் பொறுப்பு. பதினொரு வருடமாக இந்தக் கதைகளை அவள் காதில் வாங்கிக்கொண்டிருக்கிறாள். ஒருத்தன்கூட அவளைக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் கடுகும் ரொட்டியும்தான்.

"லிபூஷேம்மா, நீங்களும் அங்கதானே வேலை பார்த்தீங்க? கேன்டீன்லயா?" என்றான் ராடிம், தட்டை வாங்கிக்கொண்டே.

"சோதனைப் பிரிவுல. கடைசி மேஜை."

அது யார் காதிலும் விழவில்லை. டாக்டர் எழுந்து நின்று வாக்கெடுப்பு என்று அறிவித்துவிட்டார். புதிய கம்பெனிக்குக் கழகத்தின் சார்பில் ஒரு கடிதம்: வரைபடத்தில் எதையும் மாற்றக் கூடாது. பத்தொன்பது கை உயர்ந்தது. ராடிமின் கையும் உயர்ந்தது, கரண்டியோடு. லிபூஷே சமையலறைக்குப் போய்ப் பானையை ஓங்கி வைத்தாள்.

சோதனைப் பிரிவில் பதினேழு வருடம் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேஜையில் அனேஷ்கா. இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே கட்டடத்தில் வீடு கிடைத்தவர்கள். சோதனைப் பெண்களிடம் ஆளுக்கொரு சிவப்புப் பென்சில் இருக்கும். பழுதான இடத்தைச் சிவப்பில் வட்டம் போட்டு வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். காரணம் எழுதத் தேவையில்லை, பேச்சும் கிடையாது. வட்டம் போட்டால் போட்டதுதான். மேஸ்திரி வந்து கெஞ்சினாலும் அழிக்க மாட்டார்கள்.

அந்தப் பென்சிலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. காலித் துப்பாக்கியை வாய் மேலே பார்க்கப் பிடித்து, குழாய்க்குள் பென்சிலைப் போட்டு, பின்பக்கம் மரச் சுத்தியால் ஒரு தட்டு. உள்ளே தோட்டாவைக் குத்தும் ஊசியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் நல்லதென்றால் பென்சில் லேசாக நடுங்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங் சோனி என்றால் ஊசி முன்னால் ஓடிப் பென்சிலை எற்றும். அப்படி ஒரு துப்பாக்கியில் தோட்டா இருந்து, அது கல்லில் விழுந்தால், யாரும் விசையைத் தொடாமலே வெடிக்கும். மரங்கொத்தியில் முக்கால்வாசி, பென்சிலை எற்றின.

வரைபடத்திலேயே ஸ்பிரிங் சோனி. இதை முதலில் கண்டுபிடித்தவன் லுமீர், அனேஷ்காவின் கணவன், இணைப்புப் பிரிவில் ஃபிட்டர். மூன்று முறை எழுதிக் கொடுத்தான். திட்ட இலக்கு இருக்கிறது, வரைபடம் தலைநகரில் ஒப்புதலானது, நீ யார் என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை. பியானோக் கம்பி வாங்கி, சாப்பாட்டு இடைவேளையில் ஒரு ஆணியில் சுற்றிச் சுற்றி, தன் கையாலேயே ஸ்பிரிங் செய்தான். தன் மேஜைக்கு வந்த துப்பாக்கிகளில் அதைப் போட்டான். போட்டதற்கு அடையாளமாகக் கைப்பிடித் தகட்டின் கீழ் ஒரு புள்ளி குத்தினான். லிபூஷேக்கும் அனேஷ்காவுக்கும் தெரியும். அவர்கள் மேஜையில் பென்சில் நடுங்கியபோதெல்லாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

எண்பத்தெட்டு மார்ச்சில், ஒரு கிடங்குக் காவலாளி படிக்கட்டில் கால் தடுக்கி விழுந்தான். இடுப்பிலிருந்த மரங்கொத்தி கல்லில் விழுந்து வெடித்தது. அவனுக்கு இருபத்திரண்டு வயது. விசாரணைக்காரர்கள் வந்தார்கள். துப்பாக்கிகளைப் பிரிக்கச் சொல்லி லிபூஷேயைக் கூப்பிட்டார்கள். கிடங்கிலிருந்து எடுத்த பதினொன்றைப் பிரித்தாள். பதினொன்றிலும் வரைபடத்தில் இல்லாத ஸ்பிரிங். பன்னிரண்டாவதாக, காவலாளியைக் கொன்றதைப் பிரித்தாள். அதில் வரைபட ஸ்பிரிங்தான் இருந்தது, எண்ணெய்கூடக் காயாமல்.

"பதினொண்ணைப் பத்தி எழுதுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில்," என்றார் விசாரணை அதிகாரி. பிறகு, அவள் மகளின் செவிலியர் பள்ளி விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அன்பாக விசாரித்தார்.

அவள் எழுதினாள். பதினொரு துப்பாக்கிகளில் ஒப்புதல் இல்லாத ஸ்பிரிங் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. கையெழுத்தும் போட்டாள். காவலாளியின் சாவுக்கு அவனே காரணம் என்று லுமீருக்குப் பதினான்கு மாதம் சிறை. வெளியே வந்தபின் கொதிகலனுக்குக் கரி அள்ளினான். மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது; இப்போது லின்ஸ் நகரில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்குப் போன் செய்கிறாள். லுமீர் இரண்டாயிரத்துப் பதினொன்றில் இறந்தான். அனேஷ்கா அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். லிபூஷே இரண்டாம் மாடி. படிக்கட்டில் எதிர்ப்படும்போது லிபூஷே வணக்கம் சொல்வாள். முப்பத்தாறு வருடமாகப் பதில் வந்ததில்லை. தபால்காரனுக்கும் நாய்க்கும்கூட வணக்கம் சொல்கிற கட்டடம் அது.

கடிதம் போன மூன்றாம் வாரம் கம்பெனிக்காரர் வந்தார். பெயர் தாலிபோர், இன்ஜினியர், நாற்பது வயது, வெள்ளைச் சட்டை. மேஜையில் வரைபடங்களை விரித்தார். கழகம் முழுவதும் அதன்மேல் கவிழ்ந்தது. பிரசவ வார்டில் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"எல்லாம் இருக்கு. ஆனா எனக்கு ஒண்ணு புரியல," என்றார் தாலிபோர். "அந்தப் புள்ளி எந்தத் தாள்லயும் இல்ல."

"ஏற்றுமதி," என்றார் டாக்டர்.

"லுமீர்," என்றாள் லிபூஷே.

கையில் கசகசாக் கேக் தட்டு இருந்தது. அதை வரைபடத்தின் மேலேயே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். ஆணி, பியானோக் கம்பி, சாப்பாட்டு இடைவேளை, திருப்பி அனுப்பிய மூன்று கடிதம், பதினான்கு மாதம். புள்ளி உள்ளது ஏன் சிக்காது என்றும் சொன்னாள்: சோனி ஸ்பிரிங்கில் ஊசி முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அடுத்த தோட்டா அதில் மாட்டும். கீழே விழுந்தால் என்னாகும் என்றும் சொன்னாள். காவலாளியைப் பற்றியும் சொன்னாள். தன் கையெழுத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அந்த இடம் வந்தபோது வாய் தானாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

ராடிம் எழுந்து, "யோவ் டாக்டர், இருபது வருஷமா உளவுத்துறை, ஏற்றுமதின்னு அளந்தீங்களே! கேட்டா சூப் ஊத்துற அம்மாகிட்ட இருக்கு விஷயம்," என்றான்.

"பிரமாதமான கதை," என்றார் தாலிபோர். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். "இதுதாங்க எங்களுக்கு வேணும். மனுஷன் பேர் லுமீர்... முழுப் பேர் என்ன?"

"பேரைப் போடுவீங்களா?"

"போடாம? அவர் மனைவி இருக்காங்களா? அவங்களையே கூப்பிடுறோம்."

"ஸ்பிரிங்கையும் போடுவீங்கல்ல?"

"நிச்சயமா, நிச்சயமா," என்றார் தாலிபோர், எழுதிக்கொண்டே.

அன்று லிபூஷே வீட்டுக்குப் பாடிக்கொண்டு போனாள் என்று சொன்னால் பொய். ஆனால் படிக்கட்டில் மூச்சு வாங்கவில்லை.

அக்டோபரில் வெளியீட்டு விழா. கழகக் கூடத்திலேயே வைத்துக்கொண்டார்கள். லிபூஷே இரண்டு நாள் சமைத்தாள்: குலாஷ் என்ற இறைச்சிக் குழம்பு, மாவு உருண்டைகள், வினிகரில் ஊறிய சாசேஜ் ஒரு ஜாடி. நூற்றைம்பது பேர். பத்திரிகைக்காரர்கள் வேறு. சுவரில் லுமீரின் படம் மனிதன் உயரத்துக்குத் தொங்கியது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது, அதனால் அவன் எல்லோரையும் திருடன் மாதிரி பார்த்தான். முன் வரிசையில் அனேஷ்கா. நீல உடை, முடியைச் சுருட்டியிருந்தாள். மடியில் கம்பெனி கொடுத்த பூச்செண்டு.

லிபூஷே தட்டோடு கடந்தபோது அனேஷ்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"வணக்கம், லிபூஷே."

"வணக்கம்," என்றாள் லிபூஷே. சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. அழுதாள்.

தாலிபோர் மேடையில் பேசினார். "அந்தக் காலத்து நிர்வாகம் அவரைக் கொஞ்சம் தப்பாப் புரிஞ்சுக்கிச்சு," என்றார். பதினான்கு மாதச் சிறை என்பது கொஞ்சம் தப்பாகப் புரிந்துகொள்வது. "ஆனா மரங்கொத்தியோட நம்பகத்தன்மைக்குக் காரணம் அவர் கை. அதனால இந்தப் புது மரங்கொத்தி ஒவ்வொண்ணுலயும், இடது தகட்டுக்குக் கீழே, அவரோட புள்ளி இருக்கும்!" கைதட்டல் கூரையை இடித்தது. அனேஷ்கா கைக்குட்டையை எடுத்தாள். டாக்டர் கோபெட்ஸ்கிக்கே கண் கலங்கிவிட்டது.

முதல் துப்பாக்கியை அனேஷ்காவிடம் கொடுத்தார்கள், மரப் பெட்டியில், பட்டுத் துணி மேல். அவள் அதைத் தொடவில்லை. பெட்டியை மட்டும் கட்டிக்கொண்டாள். மற்றவை மேஜையில் வரிசையாகக் கிடந்தன. ஆண்கள் மொய்த்தார்கள்.

"ஸ்பிரிங் மாத்தினீங்களா?" என்று லிபூஷே தாலிபோரைப் பிடித்துக் கேட்டாள்.

"எந்த ஸ்பிரிங்?" பிறகு ஞாபகம் வந்தது. "ஓ. பாருங்கம்மா, வரைபடத்துல இருக்கிறதுக்குத்தான் அரசாங்கச் சான்று கிடைச்சிருக்கு. ஒரு ஸ்பிரிங்கை மாத்தினா எல்லாத்தையும் முதல்லேருந்து. அதுவுமில்லாம உங்க கழகமே கடிதம் எழுதியிருக்கே, எதையும் மாத்தாதீங்கன்னு. பத்தொன்பது கையெழுத்து." அவள் தோளைத் தட்டினார். "ஆனா புள்ளி இருக்கு. அதைச் சேர்த்துட்டோம்."

லிபூஷே அப்படியே நின்றாள். இந்தப் பக்கம் மேஜை. அந்தப் பக்கம் அனேஷ்கா, பெட்டியைக் கட்டிக்கொண்டு, பத்திரிகைக்காரி கேட்டதற்கு ஏதோ சொல்லிச் சிரித்தபடி. அனேஷ்காவின் பல்லைப் பார்த்தே முப்பத்தாறு வருடம் ஆயிற்று. பேசாமல் குலாஷைக் கிண்டப் போகலாம். நாளை காலை படிக்கட்டில் மறுபடி ஒரு வணக்கம் கிடைக்கும். நாளை மறுநாளும் கிடைக்கும். சாகும்வரை தினமும் கிடைக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லத் தெரிந்தவளுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

ஏப்ரன் பையில் சிவப்புப் பென்சில் இருந்தது. கடைக்கு எழுதுகிற பட்டியலுக்காக வைத்திருப்பது.

"டாக்டர், உங்க பழசை ஒரு நிமிஷம் கொடுங்க," என்றாள்.

காலியா என்று பார்த்தாள், இரண்டு முறை. வாயை மேலே திருப்பினாள். பென்சிலைப் போட்டாள். இறைச்சியைத் தட்டும் மரச் சுத்தியால் பின்பக்கம் ஒரு தட்டு. பென்சில் நடுங்கிவிட்டு நின்றது. சுற்றிலும் பேச்சு குறைந்தது. மேஜையிலிருந்து புதிய மரங்கொத்தியை எடுத்தாள். காலியா என்று பார்த்தாள். பென்சில். அதே தட்டு.

பென்சில் துள்ளி வெளியே வந்து, டாக்டரின் தோளில் பட்டு, தரையில் உருண்டது.

"இன்னொண்ணு எடுத்துக் கொடு," என்றாள் ராடிமிடம். அவன் கொடுத்தான். அதுவும் எற்றியது. மூன்றாவதும் எற்றியது.

"லுமீரோட ஸ்பிரிங் இதுல இல்ல," என்றாள் லிபூஷே. "புள்ளி மட்டும்தான் இருக்கு. அந்தக் காவலாளியைக் கொன்னதுலயும் லுமீரோட ஸ்பிரிங் இல்ல. நான்தான் பிரிச்சேன். பன்னிரண்டாவது. அதை நான் எழுதல."

எங்கிருந்தோ ஒருத்தன், "துப்பாக்கியைக் கீழ போடுறவன் துப்பாக்கியே வெச்சிருக்கக் கூடாது," என்றான். அது எல்லோருக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"அசல்லயும் முக்கால்வாசி இப்படித்தானே இருந்துச்சு? அப்ப இதுவும் அசல்தானே," என்றார் டாக்டர், யோசனையோடு. "சொல்லப்போனா, இதைத்தான் நாம கேட்டோம்."

"சுத்தியால தட்டினா பென்சில் என்ன, பல்லே கழண்டுடும்," என்றான் இன்னொருத்தன். சிரிப்பு வந்துவிட்டது. தாலிபோர் பீப்பாயைத் திறக்கச் சொன்னார். ஐந்தே நிமிடத்தில் பழைய இரைச்சல் திரும்பிவிட்டது. முன்பதிவுத் தாளுக்கு முன்னால் வரிசை நின்றது.

அனேஷ்கா எழுந்து வந்தாள். பெட்டியை மேஜையில் வைத்தாள். பூச்செண்டை அதன் மேல் வைத்தாள்.

"அவன் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல? இருபத்துமூணு வருஷம் உயிரோட இருந்தானே உன் தலைக்கு மேல. படிக்கட்டுல நின்னு வணக்கம் வணக்கம்னியே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தப் பன்னிரண்டாவதைப் பத்தி வாயைத் திறந்தியா?"

"பயமா இருந்துச்சு, அனேஷ்கா."

"இன்னிக்கு இல்லையா பயம்? இன்னிக்கு அவனுக்குன்னு ஒரு நாள் கிடைச்சுது. படம் மாட்டி, கை தட்டி. பொய்யா இருந்தா என்ன, அவனைக் கொலைகாரன்னு சொன்ன ஊரு கை தட்டிச்சு. அதையும் நீயே வந்து எடுத்துக்கிட்டே."

கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கோட்டில் ஒரு கை சரியாக நுழையவில்லை, அப்படியே தொங்க விட்டுக்கொண்டு போனாள்.

நவம்பரில் ராடிம் வந்தான். புதன்கிழமை, கழகம் பூட்டியிருக்கிற நாள். சமையலறைப் பின்கதவைத் தட்டினான்.

"லிபூஷேம்மா, அந்த ஸ்பிரிங்... உங்களுக்குச் சுத்தத் தெரியுமா?"

"தெரியும். பார்த்திருக்கேன்."

"என் புதுசுக்கு ஒண்ணு போட்டுக் கொடுங்களேன். வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்கு." அக்கம்பக்கம் பார்த்தான். "டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க."

இசைப் பள்ளி ஆசிரியரிடம் பழைய பியானோக் கம்பி வாங்கி அவள் ஏற்கனவே சுற்றி வைத்திருந்தாள். ஆனால் ஸ்பிரிங்கை எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து வைத்தாள். இரண்டு வரி எழுதியிருந்தாள்: வரைபட ஸ்பிரிங் பிழையானது. லுமீர் போட்டதே சரி என்று அறிந்து, அதையே போட்டுக்கொண்டேன்.

"இதுல கையெழுத்துப் போடு. நிறையப் பேர் போட்டா அனேஷ்காகிட்ட கொடுக்கலாம். பத்திரிகைக்கும் அனுப்பலாம்."

ராடிம் படித்தான். காதைச் சொறிந்தான். "எழுதிக் கொடுத்தா கம்பெனி உத்தரவாதம் போயிடும்மா. அஞ்சு வருஷத்துக்கு இருக்கு."

"சரி, போடாதே. ஸ்பிரிங்கும் இல்ல."

அவன் போய்விட்டான். அடுத்த புதன் இன்னொருத்தன் வந்தான், கையெழுத்து என்றதும் போனான். அதற்கடுத்த புதன் டாக்டர் கோபெட்ஸ்கியே வந்தார், காய்கறிப் பையில் இரண்டு புதுத் துப்பாக்கியோடு. தாளைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "ஸ்பிரிங் மட்டும் போதும்மா. இதெல்லாம் எதுக்கு? நான் கழகத் தலைவர், அந்தக் கடிதத்துல முதல் கையெழுத்து என்னோடது. இப்ப இதுல எப்படிப் போடுறது?"

"அந்தக் கடிதத்துல போட்டதனாலதான் இதுல போடணும்."

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் பனி உறைந்திருந்தது. முதல் படியில் கால் வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டார். பை கல்லில் இடித்தது. ஒன்றும் ஆகவில்லை, காலித் துப்பாக்கிகள். லிபூஷேக்கு மட்டும் அந்தக் காவலாளி விழுந்த படிக்கட்டு ஞாபகம் வந்தது.

"உள்ள வாங்க," என்றாள். "கொடுங்க அதை."

தாளைக் கசக்கி அடுப்பில் போட்டாள். அவருக்கு இரண்டு ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தாள். ராடிமையும் மற்றவனையும் போன் செய்து கூப்பிட்டாள். டிசம்பர் முடிவதற்குள் பதினான்கு துப்பாக்கிகள் பின்கதவு வழியாக வந்து போயின. வந்தவன் ஒவ்வொருத்தனும் யாருக்கும் சொல்லாதீங்க என்றான். எவனும் வேறு எவனையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஜனவரிக் கூட்டத்தில் டாக்டர் எழுந்து, நம் கழகத்து உறுப்பினர்களின் புது மரங்கொத்தி ஒன்றுகூட இதுவரை சிக்கவில்லை என்றும், வரைபடத்தில் எதையும் மாற்றாததே காரணம் என்றும் அறிக்கை படித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பதினான்கு ஸ்பிரிங் சுற்றிய விரல்களில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு லிபூஷே பீர் ஊற்றினாள். லுமீருக்குச் சிறை கிடைத்த வேலைக்கு அவளுக்கு ஒரு சாக்லெட் பெட்டி கிடைத்தது, டாக்டரிடமிருந்து, பெயர் எழுதாமல்.

அன்று மாலையே வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதினாள். மற்றவர்கள் கையெழுத்துக்குக் காத்திருந்தது போதும். பன்னிரண்டாவது துப்பாக்கியின் எண்ணை எழுதினாள். அது அவளுக்கு மறக்கவே மறக்காது. அதில் வரைபட ஸ்பிரிங் இருந்தது, நான் பிரித்துப் பார்த்தேன், லுமீருக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதினாள். பயம் என்றும், மகள் என்றும் ஒரு வரி எழுதி அடித்துவிட்டாள். கீழே முழுப் பெயர், கையெழுத்து, அன்றைய தேதி. மூன்றாம் மாடிக்கு ஏறி அனேஷ்காவின் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தாள். உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது.

மறுநாள் இல்லை, அதற்கடுத்த நாள் காலை, தாள் அவளுடைய தபால் பெட்டியில் கிடந்தது. கிழிக்கவில்லை, கசக்கவில்லை. அவள் அங்கேயே நின்று, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். துப்பாக்கி எண்ணில் குறையில்லை. வாசகத்தில் குறையில்லை. பெயர், கையெழுத்து எல்லாம் அப்படியே இருந்தன.

தேதியைச் சுற்றி மட்டும் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தது.